ரைட்டரில் படத்துக்குப் பக்கத்தில் எழுத்து இழுபடுகிறது, உதவுங்கள்

நண்பர்களே, பாட்டியின் சமையல் குறிப்புகளை லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற எழுத்துச் செயலியில், படங்களோடு தொகுக்கிறேன். முதலில் நாலு வரி சேர்த்ததும் வத்தக்குழம்புக் குறிப்பு அடுத்த பக்கம் ஓடிப்போய், படம் மட்டும் அங்கேயே நின்றது. ஆங்கரை, அதாவது படம் எதோடு ஒட்டி நிற்கும் என்ற அமைப்பை, 'டு பேஜ்' (பக்கத்தோடு) என்பதிலிருந்து 'டு பாராகிராஃப்' (பத்தியோடு) என மாற்றினேன், சரியாகிவிட்டது.

இப்போது வேறு சிக்கல். ராப் 'பேரலல்', அதாவது எழுத்து படத்துக்குப் பக்கத்திலேயே ஓடும்; பத்தி ஜஸ்டிஃபை, அதாவது இரு ஓரமும் நேராக நிற்கும். படத்தை ஒட்டிய ஒடுங்கிய இடத்தில் 'கொதித்துக்கொண்டிருக்கும்போதே' மாதிரி ஒரு சொல் வந்தால் போதும், அது கீழே இறங்கிவிடுகிறது. மேல்வரியில் மிஞ்சிய இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு கரண்டியே வைக்கலாம். ஷிஃப்ட் எண்டர் தட்டிப் பார்த்தேன், அந்த வரியும் இழுபட்டதுதான் மிச்சம். இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு வைத்தால் ஓரம் கோணல்மாணலாகிறது, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

படத்துக்குப் பக்கத்தில் வரும் நீளச் சொல்லை மட்டும் இணைப்புக் கோடு (-) விழாமல் உடைக்க வழி உண்டா? இல்லை, வேர்டில் வரும் 'டாப் அண்ட் பாட்டம்' (எழுத்து மேலும் கீழும் மட்டும்) போலப் படத்தைத் தனி வரியில் விட்டுவிடுவதுதான் நல்லதா?