நெக் கழற்றி மாட்டும் கிட்டார்: செய்தவர்கள், வைத்திருப்பவர்கள் அனுபவம்

பயணத்துக்கு ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்து சில வருடங்களாக வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் நெக்கை (விரல் வைத்து வாசிக்கும் நீளமான கழுத்துப் பகுதியை) எப்படிக் கழற்றுகிறாய் என்றுதான் கேட்கிறார்கள். கழற்றுவதில் ஒரு வித்தையும் இல்லை. அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1950லேயே நெக்கை ஸ்குரூ போட்டுப் பிடித்து விற்க ஆரம்பித்துவிட்டார். திரும்ப மாட்டும்போது அதே இடத்தில், அதே கோணத்தில் உட்கார வேண்டுமே, பாடு முழுக்க அதில்தான்.

முதலில் அளவு. நம் உள்நாட்டு விமானங்களில் கைப்பெட்டிக்குப் பொதுவாக 55 × 35 × 25 செ.மீ., 7 கிலோ. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் மாதிரி நெக், முறுக்காணிகள் இருக்கும் தலையோடு சேர்த்து 65 செ.மீ. பக்கம் வரும். கழற்றினாலும் பெட்டிக்குள் போகாது. உடனே பலரும் ஸ்கேலை (தந்தி அதிரும் நீளத்தை) குறைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, விரல் பழக்கம் கெட்டுவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 648 மி.மீ. ஸ்கேலில்கூட நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பட்டை) 22ஆவது ஃபிரெட் (மெட்டு) வரை 47 செ.மீ.தான். இடத்தை அடைப்பது தலை. அதனால் தலையை எடுத்துவிட்டு, 1980களில் கிட்டார் வடிவமைப்பாளர் ஸ்டைன்பெர்கர் பிரபலமாக்கிய வழியில் தந்தியை முறுக்கும் பகுதியை, பாடியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் கொண்டுபோனேன்.

அடுத்தது போல்ட். மர ஸ்குரூவை அடிக்கடி கழற்றி மாட்டினால் நெக்கின் மேப்பிள் மரத்தில் ஓட்டை தளர்ந்துவிடும். நெக்கின் அடிப்பக்கம் நாலு பித்தளை இன்சர்ட் (உள்ளே மரை வெட்டிய குழல்) இறக்கி, எம்5 போல்ட் போட்டேன். இன்சர்ட்டின் தலையில் வெட்டியிருக்கும் காடியில் ஸ்குரூடிரைவரை வைத்து முறுக்காதீர்கள், பித்தளை பிய்ந்துவிடும். ஒரு போல்ட்டில் இரண்டு நட்டை இறுக்கிப் பூட்டி, அதன் முனையில் இன்சர்ட்டை மாட்டி, மெழுகு தடவி, டிரில்லிங் மெஷினில் செங்குத்தாகப் பிடித்துக் கையால் திருப்பி இறக்குங்கள். மரத்தின் மட்டத்துக்குக் கீழே அரை மில்லிமீட்டராவது போக வேண்டும். இல்லாவிட்டால் சுற்றியுள்ள மரம் மேலே உப்பிக்கொண்டு வந்து நெக்கைச் சரியாக உட்கார விடாது.

நெக் உட்காரும் குழி எனக்கு 7 செ.மீ. நீளம். குழியின் உள்முனையில் கால் மில்லிமீட்டர் தூசி சிக்கினால் போதும், பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் கிட்டத்தட்ட 0.9 மி.மீ. வித்தியாசம் வருகிறது. 12ஆவது ஃபிரெட்டில் தந்தி நிற்கும் உயரம், அதாவது ஆக்‌ஷன் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மாறிவிடும். மொத்த ஆக்‌ஷனே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இருக்கிற இடத்தில் அது சின்ன விஷயமா? குழியில் பாலிஷ் போடவில்லை, மாட்டுவதற்கு முன் ஒரு பழைய டூத்பிரஷ்ஷால் துடைத்துவிடுகிறேன். பக்கவாட்டில் நெக் ஆடக்கூடாது. போல்ட் இல்லாமலே குழியில் நின்றால் பொருத்தம் சரி.

கோணத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் யோஹான் கியோர்க் ஸ்டாஃபர் செய்த கிட்டார்களில் நெக்கின் அடியில் ஒரு திருகு இருக்கும். கடிகாரச் சாவி மாதிரி ஒன்றைப் போட்டுத் திருப்பினால் நெக்கின் சாய்வு மாறும். 1833இல் அமெரிக்காவுக்குப் போன கிட்டார் கைவினைஞர் சி. எஃப். மார்ட்டினின் ஆரம்பகாலக் கிட்டார்களிலும் இந்த ஏற்பாடு உண்டு. தொழில் நுணுக்கத்தில் நாம் ஒன்றும் அவர்களைத் தாண்டிவிடவில்லை.

மாட்டியவுடன் சுருதி நிற்காது. 10–46 தந்தி செட்டின் மொத்த இழுவிசை சுமார் 45 கிலோ. அத்தனை பாரமும் திரும்ப ஏறியபின் நெக் வளைந்து நிலைக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகும். ஒரு மணி நேரம் விட்டுத்தான் கடைசியாகச் சுருதி கூட்டுகிறேன்.

*

அண்ணா, உங்கள் அளவுக் கணக்கைப் படித்ததும் எங்கள் அத்தையின் வீணைதான் ஞாபகம் வந்தது. கச்சேரிக்கு வெளியூர் போக வசதியாகக் குடமும் தண்டியும் தனித்தனியாகக் கழலும் வீணை ஒன்று வைத்திருக்கிறார். குதிரை (உங்கள் பிரிட்ஜ்) இருப்பது குடத்தில், மெட்டுகள் இருப்பது தண்டியில். அதனால் இணைப்பு மயிரிழை தவறினாலும் நீங்கள் சொன்ன அதே கதைதான், தந்தி மெட்டில் இரையும். வீணையில் இன்னொரு தொல்லையும் உண்டு. 24 மெட்டும் மெழுகில் பதித்தவை. வெயிலில் நின்ற காரில் வைத்தால் மெழுகு இளகி, மேளம் கட்டுகிறவரை (மெட்டுகளை மெழுகில் சரியாகப் பதிப்பவரை) தேடி ஓட வேண்டியதுதான். அத்தை பெட்டியைச் சுற்றிக் கனமான ஜமக்காளம் போட்டுத்தான் எடுத்துப் போவார். பலா மரத்தில் ஒரே துண்டாகக் குடைந்த ஏகாந்த வீணையின் நாதம் இதில் இல்லை என்று அவரே சொல்வார். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏற அவரால் முடியாது.

*

தலை உள்ள நெக் வைத்திருப்பவர்களுக்கு: தந்திகளைக் கழற்ற வேண்டாம். தளர்த்திவிட்டு முதல் ஃபிரெட்டில் காப்போ (தந்திகளை நெக்கோடு அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் முறுக்காணியில் சுற்றியது அவிழாது. பிரிட்ஜில் தந்தி பக்கவாட்டில் நழுவி வெளியே வரும்படி காடி இருந்தால் போதும், நெக்கைத் தந்திகளோடு அப்படியே துணியில் சுற்றி வைக்கலாம்.

போல்ட்டைக் கழற்றும் ஆலன் கீயை (அறுகோணச் சாவியை) கைப்பையில் வைக்காதீர்கள். ஒரு விமான நிலையச் சோதனையில் என்னுடையதை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார்கள். போன ஊரில் ஞாயிற்றுக்கிழமை, ஹார்டுவேர் கடை எதுவும் திறக்கவில்லை. கிட்டார் இரண்டு துண்டாகவே கிடந்தது. அப்புறம் லேத் பட்டறையில் சொல்லி, கையாலேயே திருகும்படி சொரசொரப்பான அகலத் தலை வைத்து நாலு போல்ட் கடைந்து வாங்கிவிட்டேன்.

*

முதலில் எழுதியவன்தான். கைத்திருகு போல்ட் நானும் யோசித்தேன். பின்பக்கம் தலை துருத்திக்கொண்டு வாசிக்கும்போது உள்ளங்கையில் இடிக்குமே? உங்களுக்கு உயர்ந்த ஃபிரெட்களுக்குப் போகும்போது எப்படி இருக்கிறது?

*

மேல் இரண்டு மட்டும் இடித்தன. அவற்றைப் பாடிக்குள் குழி தோண்டி இறக்கிவிட்டேன். விரல் நுழைய 25 மி.மீ. அகலமாவது வேண்டும்.