சித்திரைக் கனிக்குக் கொன்றைக் கிளையை ஒடிக்கத்தான் வேண்டுமா?

பனங்காட்டான் (கொழிஞ்சாம்பாறை)

வேலந்தாவளம் போகிற வழியில் இருக்கும் கொன்றை மரங்களைப் பார்த்தீர்களா? பங்குனி பாதிகூட ஆகவில்லை, இலையெல்லாம் கொட்டி மஞ்சளாகத் தொங்குகிறது. சித்திரைப் பிறப்பான விஷு வருவதற்குள் பாதிப் பூ உதிர்ந்துவிடும். மிச்சத்தை, விடிந்ததும் முதலில் காணும் கனியில் வைப்பதற்காக, முந்தின நாள் தொரட்டி போட்டு இழுத்துவிடுவார்கள். பூங்கொத்தை மட்டும் பறித்தால் பரவாயில்லை. கிளையையே முறிக்கிறார்கள், பட்டை உரிந்து அடிமரம் வரை கிழிந்து நிற்கிறது. எங்கள் தெருமுனை மரம் போன வருஷம் அப்படிக் கிழிபட்டது. இந்த வருஷம் அந்தப் பக்கம் ஒரு கொத்துகூட இல்லை.

இளவேனிலை வரவேற்கப் பூவை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை, நாம் மரத்தடிக்குப் போனால் போதும் என்பது என் கட்சி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் ஒரு நடை. அதற்குக் காசும் ஆகாது, மரமும் பிழைக்கும். கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் கொன்றையும் வேண்டாம். உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

சோகநாசினிக்கரை (சித்தூர், பாலக்காடு)

தம்பி, மரத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை புரிகிறது. ஆனாலும் கொன்றை இல்லாமல் கனி வைக்க எனக்கு மனசு வராது. முந்தின ராத்திரியே உருளியில் அரிசி பரப்பி, அதன் மேல் கனிவெள்ளரி, மாங்காய், பலாப்பழம், தேங்காய் முறி, வால்கண்ணாடி (கைப்பிடி வைத்த கண்ணாடி), மடித்த புதுத்துணி, நாணயம் எல்லாம் வைத்து, கடைசியாகத்தான் கொன்றையைச் சார்த்துவேன். விடிவதற்கு முன் பிள்ளைகளின் கண்ணைப் பொத்திக் கூட்டிவருவோம். கையை எடுத்ததும் குத்துவிளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிவது அந்த மஞ்சள்தான். அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் படும்.

"மரத்தடிக்குப் போங்கள்" என்று எழுதுவது சுலபம். யார் போவார்கள்? என் மகன் விடியும் முன்னே கோயம்புத்தூருக்கு ரயில் ஏறுகிறான். மருமகளுக்கு அடுப்படி, பள்ளிக்கூடம், ஆபீஸ். நாள் குறித்து வைத்திருப்பதால்தான் ஒரு வீடு மொத்தமும் ஒரே நேரத்தில் ஒரு பூவைப் பார்க்கிறது. அந்த நாளையும் எடுத்துவிட்டால் பூத்ததும் தெரியாது, உதிர்ந்ததும் தெரியாது.

கணக்கு வாத்தியார் (தென்காசி)

அம்மா சொல்வதில் பாதி சரி. ஆனால் அந்த நாளே இளவேனிலின் முதல் நாளா என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 20 அல்லது 21, அதாவது பங்குனி முதல் வாரம். விஷு வருவது ஏப்ரல் 14 அல்லது 15. நடுவே ஏறக்குறைய 24 நாள் இடைவெளி. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துச் சூரியனைக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் இரண்டும் விலகிக்கொண்டே வந்திருக்கின்றன. ஏறத்தாழ 1700 வருஷத்துக்கு முன்னால் இரண்டும் ஒரே நாளில் வந்தன.

எங்கள் பக்கமும் சித்திரை விசுவுக்குக் கனி காண்கிறோம், சின்னவர்களுக்குக் கைநீட்டமாகக் காசு கொடுக்கிறோம். பக்கத்துச் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர், இரண்டு பக்க வழக்கமும் கலந்தே கிடக்கும். அதை விடச் சொல்லவில்லை. சம நாளிலிருந்து விசு வரைக்கும் உள்ள அந்த மூன்று வாரத்தையும் வரவேற்புக் காலமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை தளிர், மொட்டு, பூ, காய் எந்த அளவில் இருக்கிறது என்று பதிகிறார்கள். வீட்டிலும் ஒரு நோட்டுப் போட்டுச் செய்யலாம்.

மாந்தோப்பு (முதலமடை)

நான் இரண்டு கட்சியிலும் இல்லைங்க. எங்கள் மா மார்கழியிலேயே பூத்து நிற்கும். நாட்டில் மற்ற இடத்து மாம்பழம் சந்தைக்கு வரும் முன்பே முதலமடைக் காய் லாரி ஏறிவிடும், அதுதான் எங்களுக்கு விலை. சித்திரை பிறக்கும்போது பெரும்பாலும் அறுப்பு முடிந்த தோப்புதான் இருக்கும். பூத்த நேரத்தில் காலம் தப்பி ஒரு மழை விழுந்தால் பூங்கொத்து கருகிக் கொட்டிவிடும், அந்த வருஷம் போச்சு. அதனால் எங்களுக்கு வசந்தம் என்றால் பயத்தோடு அண்ணாந்து பார்க்கிற காலம். பங்குனியில் வெயில் 40 டிகிரியை எட்டப் பார்க்கும் ஊரில் வரவேற்பு என்று எதைச் சொல்வது?

ஒன்று செய்கிறோம். தோப்பில் கிளைக்குக் கிளை மண்சட்டி கட்டித் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். செம்போத்து, மைனா, அணில் எல்லாம் வருகின்றன. வாரத்துக்கு இரண்டு தடவை சட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டை வைத்துவிடும்.

சோகநாசினிக்கரை (சித்தூர், பாலக்காடு)

சார், 24 நாள் கணக்கு எனக்குப் புதுசு, சந்தோஷம். ஆனால் நான் வானத்தைப் பார்த்துக் கனி வைக்கவில்லை. இரண்டாம் போகம் அறுத்து, நெல் வீட்டுக்கு வந்து, நெம்மாறை வல்லங்கி வேலா திருவிழா மீனம் (பங்குனி) இருபதுக்கு முடிந்து, அடுத்த உழவுக்கு மண் காத்திருக்கும் நேரம் இது. வெள்ளரி கொடியில் பழுக்கும், பலா வெடிக்கும். உருளியில் இருக்கிற ஒவ்வொன்றும் அந்த வாரத்தில் வயலும் தொடியும் (வீட்டுத் தோட்டமும்) தந்தது. நாளை முன்னே தள்ளினால் அதில் பாதி கிடைக்காது.

பனங்காட்டான் (கொழிஞ்சாம்பாறை)

அக்கா, வெள்ளரியும் பலாவும் பறிப்பதற்கென்றே வளர்த்தவை. கொன்றை அப்படி இல்லை. பக்கத்தில் போய்ப் பாருங்கள்: ஐந்து இதழ், நடுவே பத்துக் கேசரம் (மகரந்தத் தாள்), அதில் மூன்று மட்டும் நீளமாக வெளியே வளைந்து நிற்கும். பெரிய கருவண்டு வந்து உட்கார்ந்து உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும், அந்த ரீங்காரம் தரையில் நிற்பவருக்கும் கேட்கும். பூ தப்பினால்தான் ஒன்றரை இரண்டடி நீளக் காய். தளிர் விட்டதும் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் அந்த இலையைத்தான் தின்று வளர்கின்றன. ஒரு கிளையை முறிக்கும்போது இத்தனையும் போகிறது.

இதை ஒரு பிள்ளை மரத்தடியில் நின்று பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது. உருளியில் சார்த்திய கொத்து சாயங்காலம் வாடிவிடும், மறுநாள் குப்பைக்குப் போகும்.

எல்லைத் தெலுங்குவாடை (நகரிப் பக்கம்)

ஆந்திர எல்லையிலிருந்து ஒரு குரல். எங்களுக்கு யுகாதிதான் முதல் வரவேற்பு. அது சந்திரக் கணக்கு, அதனால் நாள் நகர்ந்துகொண்டே இருக்கும்: 2023-ல் மார்ச் 22, 2024-ல் ஏப்ரல் 9, 2025-ல் மார்ச் 30. சீக்கிரம் வருகிற வருஷத்தில் வேம்பு மொட்டாகத்தான் இருக்கும், தாமதமாக வருகிற வருஷத்தில் கொட்டி முடியப் போகும். ஆனாலும் பச்சடியில் வேப்பம்பூ இல்லாமல் இருந்ததில்லை. எப்படி? முந்தைய வருஷத்துப் பூ ஜாடியில் இருக்கும்.

எங்கள் பாட்டி சாயங்காலமே வேப்பமரத்தடியைக் கூட்டிப் பழைய வேட்டியை விரிப்பார். காலையில் வேட்டி முழுக்க வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும், மரத்தில் கையே வைக்க வேண்டாம். காம்பு, தூசி நீக்கி, நிழலில் உலர்த்தி, மொறுமொறுவென்று ஆனதும் ஜாடியில் போட வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். நெய்யில் வறுத்து ரசத்தில் போட்டால் அந்த வாசனைக்கே ஒரு பிடி சோறு கூட இறங்கும். புளி, வெல்லம், மாங்காய், உப்பு, காரம் சேர்த்தால் யுகாதிப் பச்சடி. உங்கள் தமிழ் வருஷப்பிறப்பு மாங்காய்ப் பச்சடியிலும் இதே பூதானே? உதிர்ந்ததை எடுத்தே ஒரு பண்டிகை நடக்கிறது என்று சொல்ல வந்தேன்.

சோகநாசினிக்கரை (சித்தூர், பாலக்காடு)

வேப்பம்பூ உலர்ந்தாலும் வேப்பம்பூதான். உலர்ந்த கொன்றை வெறும் சருகு, அதை எப்படிக் கனியில் வைப்பது? கீழே விழுந்ததைச் சாமிக்கு முன் வைக்கவும் மாட்டேன். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

ஆனால் தொரட்டி போட்டு முறிப்பது அக்கிரமம், அதில் தம்பி பக்கம்தான். எங்கள் சின்ன வயசில் கொன்றை உள்ள வீட்டில் கேட்டு ஒரே ஒரு கொத்து வாங்கி வருவோம், அவர்களே கத்தரியால் வெட்டித் தருவார்கள். மரம் இல்லாத வீடுகள் பெருகி, சந்தையில் கட்டுக்கட்டாக விற்க ஆரம்பித்த பிறகுதான் இந்த முறிப்பு. ஒரு வீட்டுக்கு ஒரு கொத்துக்கு மேல் எதற்கு? என் கனியில் இனி ஒரு கொத்துதான் இருக்கும். பிளாஸ்டிக்கை என் வாசலில் ஏற்றமாட்டேன்.

பனங்காட்டான் (கொழிஞ்சாம்பாறை)

ஒரு கொத்தைக் கத்தரியால் எடுப்பது என்றால் எனக்குச் சண்டை இல்லை அக்கா. ஆனால் ரோட்டோர மரத்தைக் கேட்டு வாங்க ஆளில்லை, அதைத்தான் எல்லோரும் முறிக்கிறார்கள். அதற்கு என்ன வழி?

கணக்கு வாத்தியார் (தென்காசி)

ரோட்டோர மரம் பொது மரம், அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்பதுதான் முறை. அதை ஊராட்சி வார்டு உறுப்பினரிடம் இப்போதே போய்ச் சொல்லுங்கள், விஷுவுக்கு முந்தின நாள் சொல்லிப் பயன் இல்லை. கொன்றை வேண்டுமென்றால் வீட்டில் நட வேண்டும்.

சோகநாசினிக்கரை (சித்தூர், பாலக்காடு)

கொல்லையில் இடம் இருக்கிறது. விதை போட்டுப் பார்த்தேன், முளைக்கவே இல்லை. தம்பி, உங்கள் தெரு மரத்தில் போன வருஷத்துக் காய் இருந்தால் இரண்டு எடுத்து வையுங்கள்.

பனங்காட்டான் (கொழிஞ்சாம்பாறை)

இருக்கிறது அக்கா, கறுத்துக் காய்ந்து தொங்குகிறது, ஆட்டினால் உள்ளே கலகலக்கிறது. விதையின் தோல் ரொம்பக் கெட்டி, அப்படியே மண்ணில் போட்டால் மாசக்கணக்கில் கிடக்கும். உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேயுங்கள், அல்லது கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் உப்பியிருக்கும் விதையை மட்டும் பையில் ஊன்றுங்கள், உப்பாததை மறுபடி தேய்த்து ஊறப்போடலாம். இப்போது ஊன்றினால் வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழைக்குக் கன்று தரையில் இறக்கத் தயாராகிவிடும். மரம் பூக்கச் சில வருஷம் ஆகும். கிணற்றை விட்டுத் தள்ளி, நாள் முழுக்க வெயில் படுகிற மூலையாகப் பார்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சித்தூருக்கு வருகிறேன், காயைக் கொண்டுவந்து தருகிறேன்.