சேலத்தில் சக்கர நாற்காலி நுழையும் வாடகை வீடு வேண்டும்

வணக்கம். என் தம்பிக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயல் இல்லை. அம்மாபேட்டையில் இருக்கும் வீட்டை அடுத்த மாதத்துக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

அஸ்தம்பட்டி முதல் சூரமங்கலம் வரை பதினோரு வீடு பார்த்தாச்சு. வாசல்படிக்குப் பலகை போட்டுச் சமாளிக்கலாம், பாத்ரூம் கதவுதான் பிரச்சினை. அவன் வண்டி 25 அங்குலம், கதவுகள் 24-ஐத் தாண்டுவதில்லை. இப்போதும் அம்மாவும் நானும் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோகிறோம். அம்மாவுக்கு 61 வயது. ஒரே ஒரு வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. "டைல்ஸில் கோடு விழும்" என்று தம்பி முன்னாலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். வரும் வழியெல்லாம் அவன் பேசவில்லை.

மாதம் வரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை மருந்துக்கே போய்விடுகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 37-வது பிரிவில், அரசு வீட்டுத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடு சொல்கிறது. அப்படி வாழ்விட மேம்பாட்டு வாரியத்தில் தரைத்தள வீடு வாங்கியவர்கள் இருந்தால், என்னென்ன ஆவணம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறேன்.

அப்புறம், 6,000 வாடகைக்குள் தரைத்தள வீடு எங்கே காலி இருந்தாலும் தெரிவியுங்கள். கதவை அகலமாக்கும் செலவு எங்களுடையது.