சம்பளக் கணக்கு சர்வருக்கு எந்த லினக்ஸ்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணினிப் பிரிவை நான் கவனித்து வந்தபோது, 2020இல் மூன்று சர்வர்களில், லினக்ஸ் இயங்குதளத்தின் இலவச வகைகளில் ஒன்றான சென்டோஸ் 8ஐ நிறுவினேன். 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று நம்பியே அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்று, 2021 டிசம்பர் 31உடன் அந்தப் பதிப்பு நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது.

முதலாளி கோபப்படவில்லை. "காசு குடுத்து வாங்கியிருந்தா இப்படி ஆயிருக்குங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஆகியிருக்காது என்பதே உண்மை. ஏனெனில் சென்டோஸ் எதிலிருந்து உருவாக்கப்பட்டதோ, அந்தக் கட்டண லினக்ஸான ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8க்கு 2029 வரை ஆதரவு உண்டு. அதற்காக மூன்றுக்கும் சந்தா கட்ட வேண்டுமா என்பதுதான் எனக்குக் குழப்பமாக இருந்தது. 2021 தொடக்கத்தில் 16 கணினிகள் வரை அதை இலவசமாகப் பயன்படுத்தும் திட்டம் வந்தது. ஆனால் அது தனிநபர் பெயரில் பதிய வேண்டியது. கம்பெனியின் சர்வர்களை என் பெயரில் பதிய எனக்கு மனம் ஒப்பவில்லை.

கோப்புகளுக்கான சர்வரையும், பேக்கிங் பிரிவில் பார்கோடு ஸ்டிக்கர் அச்சிடும் சர்வரையும், சென்டோஸுக்கு மாற்றாக வந்த இலவச லினக்ஸான ஆல்மாலினக்ஸுக்கு மாற்றுவது என்று முடிவு செய்தேன். அவை பழுதானால் நானே சரிசெய்துவிட முடியும். சம்பளக் கணக்கு ஓடும் மூன்றாவது சர்வரின் நிலை வேறு. அதன் மென்பொருளைத் தந்தவர்கள், தங்கள் பட்டியலில் உள்ள கட்டண லினக்ஸில் ஓடினால் மட்டுமே பழுது பார்ப்போம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் சனிக்கிழமைதோறும் வாரச் சம்பளம் போட்டாக வேண்டும். அன்று அந்தச் சர்வர் நின்றால், தையல்காரர்கள் வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள். ஆகவே அந்த ஒன்றுக்கு மட்டும் சந்தா வாங்கினோம்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழுப் பேக்கப் எடுத்துவிட்டு, ஸ்டிக்கர் சர்வரில் சென்டோஸை ஆல்மாலினக்ஸாக மாற்றும் ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். மறுதொடக்கத்துக்குப் பின் திரையில் ஆல்மாலினக்ஸ் 8.5 என்று வந்தது. ஆனால் பிரிண்டர் அசையவில்லை. அதன் டிரைவரை மீண்டும் நிறுவியதும்தான் முதல் ஸ்டிக்கர் வெளியே வந்தது. அப்போது இரவு பத்து மணி.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை சம்பள சர்வரின் டேட்டாபேஸ் தொடங்க மறுத்தது. தொலைபேசியில் பேசிய சம்பள மென்பொருள் நிறுவனப் பொறியாளர் முதலில் கேட்டது லினக்ஸின் பெயரையும் பதிப்பையும்தான். சொன்னேன். "சரிங்க, லாக் ஃபைலை அனுப்புங்க" என்றார். மறுநாள் வழக்கமான நேரத்திலேயே சம்பளம் போட்டோம்.