ஹிமாத்ரி சொந்த வீடா, வாடகை வீடா?

கடலோடி: "இந்தியா 2008-லேயே ஆர்க்டிக்கில் சொந்தக் கட்டடத்தில் நிரந்தர நிலையம் அமைத்துவிட்டது" என்று நேற்று இன்னொரு இழையில் ஒருவர் அடித்துவிட்டிருந்தார். படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. அந்த நிலையம்தான் ஹிமாத்ரி. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் அது இருக்கும் நீ-ஒலசுண்ட், பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். 1962 விபத்தில் 21 பேர் இறந்தபின் சுரங்கத்தை மூடினார்கள். ஊரே நார்வே அரசின் கிங்ஸ் பே நிறுவனத்துடையது. நாம் அங்கே வாடகைக்குத்தான் இருக்கிறோம்.

செல்வி: அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே எழுதலாம். 2007-ல் முதல் ஆய்வுக்குழு போனது, 2008 ஜூலை 1-ல் நிலையம் திறந்தாயிற்று. 2004-லிருந்து சீனாவும் அதே ஊரில்தான் இருக்கிறது. தன் நிலைய வாசலில் இரண்டு கல் சிங்கம் வைத்துவிட்டால் அது சீனாவுக்குச் சொந்தமாகிவிடுமா?

கடலோடி: சீனாவை யார் கேட்டது? வாடகையா, இல்லையா?

பனித்துளி: அந்த ஊரை ஒட்டிய காங்ஸ்ஃபியோர்டு கடலுக்குள் 2014-ல் நாம் இறக்கிய இண்டார்க் என்ற கருவி, நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளக்கிறது. நம் பருவமழைக்கும் அங்கே உருகும் பனிக்கும் உள்ள தொடர்பைத் தேடத்தானே போனோம்? அதைப் பேசுங்களேன்.

கடலோடி: கருவி நம்முடையது, சரி. கட்டடம் வாடகை. அண்டார்க்டிகாவில் 134 கன்டெய்னர்களை வைத்துக் கட்டிய பாரதி நிலையம் இருக்கிறதே, சொந்தம் என்றால் அதுதான். அப்புறம் என்ன நிரந்தரம்? 2023 டிசம்பரில்தான் ஹிமாத்ரிக்கு முதல் குளிர்காலக் குழுவே போனது. அதுவரை குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது.

செல்வி: பூட்டா? அந்த ஊரில் கதவையே பூட்டுவதில்லை, தெரியுமா? பனிக்கரடி வந்தால் யாரும் எந்த வீட்டுக்குள்ளும் ஓடி நுழையலாம் என்பதற்காக.

கடலோடி: பூட்டு என்று பேச்சுக்குச் சொன்னேன்.

செல்வி: அண்டார்க்டிகாவில் உள்ள நம் மைத்ரி நிலையம் பற்றிய இழையிலும் இப்படித்தான். மாட்டிக்கொண்டால் "பேச்சுக்குச் சொன்னேன்".

கடலோடி: அந்த இழையில், அங்கே நம் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி பனியில் புதைந்ததை முதலில் சொன்னவன் நான். அதற்குத் திட்டியவர்கள் யார் யார் என்று மறக்கவில்லை.

பனித்துளி: 1920-லேயே ஸ்வால்பார்டு ஒப்பந்தத்தில் இந்தியா பெயரில் கையெழுத்து இருக்கிறது. அங்கே ஆய்வு செய்ய நாம் யாரிடமும் கெஞ்சவில்லை.

கடலோடி: வெள்ளைக்காரன் போட்ட கையெழுத்து அது! அதையும் பெருமையில் சேர்க்கிறீர்களா?

செல்வி: அந்தக் கையெழுத்தில்தான் இன்று நம் பிள்ளைகள் துப்பாக்கியும் தோளுமாகப் பனியில் மாதிரி எடுக்கிறார்கள். பெருமைதான்.

கடலோடி: எடுக்கட்டும். மாலையில் திரும்புவது வாடகை வீட்டுக்கு.