சாயங்காலமானா கரண்ட் போகுது – பிரேக்கர் பேனல் மாத்தணுமா? அவசரம்

கற்றாழை77:
எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா நாலரை, அஞ்சு மணிக்கு டிரிப் ஆகுது. வெளியே 113 டிகிரி ஃபாரன்ஹீட். ஏசி இல்லாம வீட்டுக்குள்ள உட்கார முடியல, கைக்குழந்தை வேற. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துட்டு "பேனல் பழசு, 200 ஆம்ப் போட்டுடுங்க"ன்னார். எப்படியும் கார் சார்ஜர் போடறதா இருந்தோம். மாத்தினா சரியாயிடுமா? சீக்கிரம் சொல்லுங்க.

ஓம்ஸ்லா:
எந்த ஊர்? எது விழுது, மெயினா, ஏசி பிரேக்கரா? இப்ப இருக்கிற மெயின் எத்தனை ஆம்ப்? பேனல் எந்தச் சுவர்ல இருக்கு? விழுந்த உடனே திரும்பத் தூக்கினா நிக்குதா, இல்ல ஆறின பிறகுதான் நிக்குதா? இது தெரியாம யார் பதில் சொன்னாலும் ஜோசியம்தான்.

எம்சிபி மணி:
அடிக்கடி டிரிப்பானா ஒரு சைஸ் பெரிசு போட்டுவிடுங்க சார். பத்து நிமிஷ வேலை.

கம்பி எண்ணுபவர்:
மணி, பிரேக்கர் காப்பாத்தறது ஏசியை இல்ல, சுவருக்குள்ள ஓடற கம்பியை. கம்பி அதே சைஸ்ல இருக்க, பிரேக்கரை மட்டும் பெரிசாக்கினா டிரிப் நிக்கும், கம்பி வேகும். இந்த இழையில இதுக்கு மேல இந்த யோசனை வேண்டாம். கேள்வி கேட்டவருக்கு: மேல ஒட்டி வெச்சிருக்கிற "கேட்கும் முன் படிக்க" பதிவை ஒரு தடவை படிச்சிருந்தா ஓம்ஸ்லாவுக்கு இவ்வளவு டைப்பிங் மிச்சம்.

கற்றாழை77:
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். அமெரிக்காவுல அரிசோனா, ஃபீனிக்ஸ் பக்கம் சாண்ட்லர். 1979 வீடு, 1,800 சதுர அடி. பெரிய பிரேக்கர்ல 125னு இருக்கு. மீட்டரும் பிரேக்கரும் ஒரே பெட்டி, வெளிச்சுவர்ல. கேஸ் கிடையாது, எல்லாமே கரண்ட்.

ஓம்ஸ்லா:
எந்தத் திசைச் சுவர்? எந்த பிரேக்கர் விழுது?

வளைகுடா ஃபிட்டர்:
துபாய்லேர்ந்து எழுதறேன், இந்த வெயில் எங்களுக்குப் பழக்கம். நூத்துக்குத் தொண்ணூறு இது ஃபேஸ் பேலன்ஸ் கோளாறு. மூணு ஃபேஸ்லயும் லோடு சமமா இருக்கான்னு பாருங்க. ஆர் ஃபேஸ்ல ரெண்டு ஏசியும் உட்கார்ந்திருக்கும்.

கம்பி எண்ணுபவர்:
அமெரிக்க வீட்டுக்கு மூணு ஃபேஸ் ஏதுங்க? ஒரே டிரான்ஸ்ஃபார்மர் சுருள், நடுவுல நியூட்ரல், ரெண்டு கால். காலுக்குக் கால் 240, காலுக்கும் நியூட்ரலுக்கும் 120. ஏசி ரெண்டு காலுக்கும் குறுக்கே 240-ல ஓடுது, அதனால ஏசி ஒரு காலைச் சாய்க்காது.

வளைகுடா ஃபிட்டர்:
சரி, ரெண்டு கால். 120 வோல்ட் லோடெல்லாம் ஒரே கால்ல இருந்தா சாயும்ல?

கம்பி எண்ணுபவர்:
சாயும். ஆனா தினமும் அஞ்சு மணிக்கு மட்டும் சாயாது.

கற்றாழை77:
மேற்குச் சுவர். விழறது பெரிய பிரேக்கர், மொத்த வீடும் போகுது. உடனே தூக்கினா நிக்கல, இருபது நிமிஷம் கழிச்சுத்தான் நிக்குது.

ஓம்ஸ்லா:
இதுலதான் பாதி பதில் இருக்கு.

உடனே நிக்காம ஆறின பிறகு நிக்குதுன்னா விழ வெக்கிறது உள்ளே இருக்கிற, சூடானா வளையற இரட்டை உலோகப் பட்டை, அதாவது வெப்பம். ஷார்ட்டா இருந்தா காந்தப் பகுதி தட்டிவிடும், தூக்கின நொடியே திரும்ப 'டப்'னு விழும்.

வீட்டு பிரேக்கர் எல்லாம் 40 டிகிரி செல்சியஸ் சுற்றுவெப்பத்துக்கு அளவு வெச்சு வருது. உங்க 113 ஃபாரன்ஹீட் நிழல்லயே 45. மேற்கு வெயில் நேரா அடிக்கிற தகரப் பெட்டிக்குள்ள இன்னும் எவ்வளவோ மேல போகும். அந்தச் சூட்டுல 125 ஆம்ப் பிரேக்கர் 125 வரை தாங்காது. எந்தச் சூட்டுக்கு எவ்வளவு குறையும்னு தயாரிப்பாளர் அட்டவணை இருக்கும், மாடல் நம்பரைப் போட்டுத் தேடுங்க. இதுக்கு மேல, மூணு மணி நேரத்துக்குக் குறையாம ஓடற லோடுக்கு 80 சதவீதம்தான் கணக்கு. 125-க்கு அது 100 ஆம்ப்.

ஆனா 2023-ல ஜூன் 30-லேர்ந்து ஜூலை 30 வரை ஃபீனிக்ஸ் 31 நாள் தொடர்ச்சியா 110-ஐத் தொட்டுது. அப்பவும் இதே வீடு, இதே பேனல், இதே சுவர்தானே? அப்ப விழாதது இப்ப விழுதுன்னா வெயில் மட்டும் காரணமில்ல. எங்கேயோ ஒரு பிடிப்பு தளர்ந்திருக்கு. தளர்ந்த இடம் தானே சூடாகும், அந்தச் சூடு செம்பு, அலுமினியம் வழியா பிரேக்கருக்குள்ள ஏறும், பட்டை "லோடு அதிகம்"னு நினைச்சு விழும். பாலைவனத்துல பகல் சூடு, ராத்திரி ஆறல்னு அலுமினியம் தினமும் விரிஞ்சு சுருங்கும். நாற்பது வருஷத்துல லக் (கம்பியை இறுக்கிப் பிடிக்கிற முனை) தளரும்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்க, காலைல வேண்டாம். காலைல வந்தவர் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு போயிடுவார். எல்லாம் ஓடும்போது:

ஒவ்வொரு காலுக்கும் கிளாம்ப் மீட்டர் போட்டு ஆம்பியர் எழுதிக்கணும்.
மெயின் பிரேக்கரோட ரெண்டு துருவ முகத்தையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்ல பார்க்கணும். பிளாஸ்டிக் முகம் சரியாக் காட்டும், பளபள லக் பொய் சொல்லும்.
மெயினுக்கு மேலயும் கீழயும் மில்லிவோல்ட் வித்தியாசம், துருவம் துருவமா. எண்ணைவிட ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

உள்மூடியை நீங்க கழட்டாதீங்க. மெயினை அணைச்சாலும் மீட்டர்லேர்ந்து மெயின் வரைக்கும் கரண்ட் இருந்துக்கிட்டே இருக்கும், அதை அணைக்க உங்ககிட்ட சுவிட்ச் கிடையாது. சில விளக்கு மங்கி, சில விளக்கு ரொம்பப் பிரகாசமா எரிஞ்சா நியூட்ரல் போகுதுன்னு அர்த்தம். அப்ப இங்க எழுதிக்கிட்டு இருக்காம மின் நிறுவனத்துக்குப் போன் போடுங்க.

இன்னிக்குச் சமாளிக்க: டிரையர், அடுப்பு, நீச்சல்குள மோட்டார் மூணையும் ராத்திரி ஒன்பதுக்குத் தள்ளுங்க. வீட்டை ரெண்டு மணிக்கே 74 ஃபாரன்ஹீட்டுக்குக் குளிர வெச்சுட்டு நாலுக்கு மேல 79-ல விடுங்க. பெட்டிமேல வெயில் விழாம ஒரு பெரிய குடையோ பலகையோ சாத்துங்க. பெட்டியோட ஒட்டாம, காற்று போக இடம் விட்டு.

எம்சிபி மணி:
குடையா? 😄

ஓம்ஸ்லா:
குடைதான். பெட்டியை நிழல்ல வெச்சா பிரேக்கருக்கு மறு ஜென்மம்.

கம்பி எண்ணுபவர்:
டிரிப் ஒரு கேள்வி, 200 ஆம்ப் வேணுமாங்கறது இன்னொரு கேள்வி. எலக்ட்ரீஷியன் ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு எஸ்டிமேட் குடுத்திருக்கார். அவர் லோடு கணக்குப் போட்ட காகிதம் காட்டினாரா? இருக்காது. நான் போடறேன், என்.இ.சி.ங்கற அமெரிக்க மின் விதிப் புத்தகத்தோட 220.82 முறைல. பெயர்ப்பலகை எண் நீங்க தரல, சராசரியா வெச்சுக்கறேன்.

எல்லாம் விஏ, அதாவது வோல்ட் × ஆம்ப். விளக்கு, பிளக்: 1,800 சதுர அடி × 3 = 5,400. சமையலறைச் சுற்று ரெண்டு 3,000, துணி துவைக்க 1,500. அடுப்பு 10,000, டிரையர் 5,000, வெந்நீர் டாங்க் 4,500, பாத்திரம் கழுவி 1,200, குள மோட்டார் 1,500. மொத்தம் 32,100 விஏ. முதல் 10,000 முழுசா, மீதி 22,100-ல 40 சதவீதம், ஆக 18,840. 4 டன் ஏசி 24 ஆம்ப், உள் விசிறி 4 ஆம்ப், ரெண்டும் முழுசா 6,720. கூட்டினா 25,560, 240-ஆல வகுத்தா 106.5 ஆம்ப். 125-க்குள்ள.

இனி சார்ஜர். 40 ஆம்ப்னா 122.5, அடங்கும். 48 ஆம்ப்னா 125.7, முக்கால் ஆம்ப்ல தவறுது. அதனால 40-க்கு செட் பண்ணி 50 ஆம்ப் பிரேக்கர் போட்டா பேனலே மாத்த வேண்டாம்.

சோனோரன் சுந்தரி:
இங்கதான் உங்க கணக்கு வழுக்குது. சார்ஜரை அந்த 40 சதவீதக் கூடைக்குள்ள போட்டிருக்கீங்க. ராத்திரி ஆறு மணி நேரம் முழு வேகத்துல ஓடற சாமானுக்கு என்ன தள்ளுபடி? முழுசாத்தான் கூட்டணும்னு கேட்கிற ஆய்வாளர்கள் இருக்காங்க. அப்படிக் கூட்டினா 25,560 + 9,600 = 35,160, 146.5 ஆம்ப்.

கம்பி எண்ணுபவர்:
விதியில 'நிலையாப் பொருத்தின சாதனம்'ங்கற வரி எல்லாத்துக்கும் பொருந்தும். படிங்க.

சோனோரன் சுந்தரி:
படிச்சாச்சு. ஒப்புதல் தர்றது ஆய்வாளர் கையில. அவர்கிட்ட வரியைக் காட்டி வாதாடப் போறது நீங்க இல்ல, கற்றாழை. நகராட்சி பர்மிட் மேசையில முன்னாடியே கேட்டுக்கறது நல்லது.

வளைகுடா ஃபிட்டர்:
சார்ஜருக்கு எந்த கேபிள்? இங்க 50 டிகிரிக்கே கணக்குப் போடுவோம். 16 ஸ்கொயர் எம்எம் போடுங்க, கவலை விட்டது.

கம்பி எண்ணுபவர்:
அமெரிக்காவுல 16 கடையில கிடைக்காது, கம்பிக்கு நம்பர்தான். 6-ஆம் நம்பர் 13.3 ஸ்கொயர் எம்எம், அடுத்த பெரிசு 4-ஆம் நம்பர் 21.2. 6-ஆம் நம்பர் டிஹெச்ஹெச்என் (குழாய்க்குள்ள இழுக்கிற கம்பி வகை) 90 டிகிரி செல்சியஸ் காப்பு, 75 ஆம்ப். போதும்.

சோனோரன் சுந்தரி:
அட்டிக் (கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல இருக்கிற இடம்) வழியாப் போனா போதாது. ஜூன்ல அட்டிக் 145 ஃபாரன்ஹீட், அதாவது 63 செல்சியஸ். 61–65-க்குக் குறைப்பு எண் 0.65. 75 × 0.65 = 48.75. அதுக்கு மேல அடுத்த பிரேக்கர் 50 மட்டும்தான். 40 ஆம்ப் சார்ஜருக்குச் சரி, 48-க்கு ஆகாது. 4-ஆம் நம்பர் 95 × 0.65 = 61.75, அது தாங்கும். ரோமெக்ஸ் கேபிள்னா (குழாய் இல்லாம ஓட்டற பிளாஸ்டிக் உறைக் கேபிள்) இன்னும் மோசம், 6-ஆம் நம்பருக்கு உச்சவரம்பே 55.

கம்பி எண்ணுபவர்:
பேனல் வெளிச்சுவர்ல, கராஜ் பக்கத்துல. சுவரோரமா ஒரு குழாயில போனா அட்டிக்கே வராது. எல்லாத்தையும் கூரைக்கு ஏத்தணும்னு யார் சொன்னா?

சோனோரன் சுந்தரி:
கராஜ் கிழக்குப் பக்கம் இருந்தா?

கம்பி எண்ணுபவர்:
இருந்தான்னு அவர் சொல்லலையே.

மேசா மாமா:
ரெண்டு பேரும் சண்டையை முடிங்க. கற்றாழை, ஒரே கேள்வி: உங்க ஏசி, குளிர்காலத்துல சூடும் தர்ற ஹீட் பம்ப்பா, அதுக்குள்ள ஹீட் ஸ்ட்ரிப் (துணைச் சூடாக்கி) இருக்கா? உள் யூனிட் ஸ்டிக்கர்ல 'கிலோவாட்'னு போட்டிருக்கும்.

கற்றாழை77:
இருக்கு. 10 கிலோவாட்.

மேசா மாமா:
அப்ப கதை முடிஞ்சது. ஹீட் பம்ப்போட துணைச் சூடாக்கிக்கு 65 சதவீதம், 6,500 விஏ கூட்டுங்க. சார்ஜர் இல்லாமலே 133.6 ஆம்ப். கம்ப்ரஸரும் ஸ்ட்ரிப்பும் சேர்ந்து ஓடாதபடி பூட்டு இருந்தா ஒழிய, காகிதத்துல 125 இப்பவே பத்தலை. 200 போடுங்க. கோடையில விழறதுக்குக் காரணம் வேற, அது ஓம்ஸ்லா சொன்னதுதான். ஆனா மாத்தும்போது அதுவும் சேர்ந்து போயிடும்.

மாத்தறதுல பணம் விழுங்கற இடங்கள்:

முதல்ல உங்க மின் நிறுவனம் எஸ்.ஆர்.பி.யா ஏ.பி.எஸ்.ஸா, பில்லைப் பாருங்க. அவங்க ஒப்புதல் குடுத்த மீட்டர் பெட்டி மட்டும்தான் ஏத்துப்பாங்க, வாங்கறதுக்கு முன்னாடி மாடலைச் சொல்லிக் கேளுங்க. கரண்ட் தரைக்கடியில வருதான்னும் பாருங்க. பழைய குழாய் சின்னதா இருந்தா 200-க்கான கேபிள் நுழையாது, தோண்டணும். தோண்டறதுக்கு முன்னாடி 811-க்குப் போன் போடுங்க, தரைக்கடியில என்ன ஓடுதுன்னு குறிச்சுக் குடுப்பாங்க.

பெட்டி ஸ்டக்கோ (சிமெண்ட் பூச்சு) சுவருக்குள்ள பதிச்சிருந்தா வெட்டி எடுத்து, தண்ணி நுழையாம மடிப்புத் தகடு வெச்சு, பூசணும். எஸ்டிமேட்ல இது இருக்கான்னு பாருங்க, பல பேர் விட்டுடுவாங்க.

கம்பி: 200-க்கு செம்புன்னா 2/0 நம்பர், அலுமினியம்னா 4/0 நம்பர். அலுமினியத்தைக் கம்பி பிரஷால தேய்ச்சு, பேஸ்ட் தடவி, டார்க் ரெஞ்சால (முறுக்கு அளவு காட்டற ஸ்பேனர்) லேபிள்ல போட்டிருக்கிற அங்குல-பவுண்டுக்கு முறுக்கணும். "கையால டைட்டா இருக்கு"ன்னு சொல்றவரை அனுப்பிடுங்க. உங்க இப்போதைய கோளாறுக்கு வேரே அங்கதான் இருக்கலாம்.

எர்த்: உங்க மண்ணுல கலீச்சிங்கற சுண்ணாம்புப் பாறை அடுக்கு இருக்கும், 8 அடி ராடு பாதியில நின்னுடும். 45 டிகிரி சாய்ச்சு அடிக்கலாம், அதுவும் முடியலைன்னா 2½ அடி ஆழத்துல படுக்க வெச்சுப் புதைக்கலாம். நுனியை அறுத்துட்டு எட்டடி போச்சுன்னு சொல்லக் கூடாது. அஸ்திவாரக் கான்கிரீட்டுக்குள்ள 20 அடிக் கம்பி இருந்தா அதைத்தான் முதல்ல பிடிக்கணும். காய்ஞ்ச மண்ணுல ராடைவிட அதுதான் வேலை செய்யும். அந்த உஃபர் எர்த்தே இரண்டாம் உலகப் போர்ல டூசான் பக்கத்து வெடிகுண்டுக் கிடங்குகளுக்காக ஹெர்பர்ட் உஃபர் கண்டுபிடிச்சதுதான், உங்க ஊர்ச் சரக்கு.

சர்வீஸ் (வீட்டுக்கு வர்ற மெயின் இணைப்பு) மாத்தும்போது 2020 என்.இ.சி. விதிப்படி சர்ஜ் காப்பும் (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கிற கருவி) வேணும், மான்சூன் இடிக்கு அது உதவும்.

இடம்: முடிஞ்சா வடக்கு, இல்ல கிழக்குச் சுவர். நகர்த்தற செலவு அதிகம்னா மேற்கிலயே விட்டு மேல ஒரு நிழல் கூரை. பெட்டி முன்னாடி 36 அங்குல ஆழம், 30 அங்குல அகலம், ஆறரை அடி உயரம் காலியா இருக்கணும், கூரை அதுக்குள்ள இறங்கக் கூடாது.

வளைகுடா ஃபிட்டர்:
ராடைச் சுத்தி உப்பும் கரியும் போட்டா எர்த் பிரமாதமா இருக்கும்.

சோனோரன் சுந்தரி:
உப்பு ராடையே தின்னும்.

வளைகுடா ஃபிட்டர்:
ஊர்ல எல்லாரும் போடறாங்க.

கம்பி எண்ணுபவர்:
உப்புக்குத் தனி இழை இருக்கு, 14 பக்கம். அங்க போங்க.

ஓம்ஸ்லா:
கற்றாழை, அஞ்சு மணி ரீடிங் எடுத்தாரா?

ஓம்ஸ்லா:
கற்றாழை?

கற்றாழை77:
மன்னிக்கணும், ஒன்பது நாளாச்சு. ரீடிங்: ஒரு கால் 78 ஆம்ப், இன்னொண்ணு 66. ஆனா மெயின் பிரேக்கர் இடது பக்கம் 171 டிகிரி ஃபாரன்ஹீட், வலது 128. மின் நிறுவனத்து ஆள் மீட்டரை எடுத்த பிறகு கழட்டிப் பார்த்தா, பிரேக்கர் பஸ்பார்ல (பெட்டிக்குள்ள கரண்டைக் கொண்டு போற உலோகப் பட்டை) உட்கார்ற இடம் இடது பக்கம் கருகி, மேல்பூச்சு உருகிப் போயிருந்தது. 200 போட்டாச்சு, நகராட்சி ஆய்வு முடிஞ்சு கரண்ட் வந்துடுச்சு. சார்ஜர் 40-ல. எல்லாருக்கும் நன்றி.

மேசா மாமா:
78 ஆம்ப்ல 125 விழுந்திருக்கு. பிடிப்புதான். ஓம்ஸ்லாவுக்கு ஒரு காபி.

சோனோரன் சுந்தரி:
சார்ஜர் கம்பி அட்டிக் வழியா, சுவர் வழியா?

ஓம்ஸ்லா:
பெட்டி எந்தச் சுவர்ல வெச்சீங்க? அதே மேற்கா?

கம்பி எண்ணுபவர்:
வர மாட்டார். ஏசி ஓடுது.