குடும்பக் குழு: சனிக்கிழமை ஊர் சுற்றும் ஏற்பாடு

மீனா: பெரியப்பா, வெள்ளிக்கிழமை காலையில் எழும்பூரில் இறங்கியதும் பெட்டியோடு நேரே அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஆகவே அன்று வீட்டில் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வெளியே கிளம்புவோம்.

பெரியப்பா: அப்படியே ஆகட்டும் அம்மா. திருச்செந்தூர்ப் பேருந்தில் ஆதிச்சநல்லூரில் பழங்காலத்து முதுமக்கள் தாழிகள் புதைந்திருக்கும் பரம்பு மேட்டைக் கடந்து எத்தனையோ முறை போயிருக்கிறேன். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியலாளர் அங்கே தோண்டி எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் இரும்பு ஆயுதங்களும் எழும்பூருக்கு வந்துவிட்டன என்று படித்ததோடு சரி. எங்கள் ஆற்றங்கரைப் பொருள்களைப் பார்க்க நான் ரயிலேற வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா!

கதிர்: எழும்பூரோடு போயிற்றே என்று மகிழுங்கள் பெரியப்பா. அவருக்கு முன்பே 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார். அவ்வளவு தூரத்துக்கு என்னால் ஆட்டோ பிடிக்க முடியாது.

சித்ரா அத்தை: அண்ணன் வருவதே அபூர்வம். காலையில் வண்டலூர், மதியம் அருங்காட்சியகம், பிறகு தியாகராய நகரில் துணிமணி, இரவு கடற்கரை என்று வைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிடலாம்.

மீனா: அத்தை, வண்டலூர் போய்த் திரும்புவதற்குள்ளேயே பாதி நாள் போய்விடும். சனிக்கிழமை மாலை ரங்கநாதன் தெருவில் பெரியம்மாவை முழங்கால் வலியோடு நடக்கவைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

பெரியம்மா: துணிக்கடை எங்கள் ஊரிலும் இருக்கிறது சித்ரா. எனக்குக் கடலில் கால் நனைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த மணலில் அவ்வளவு தூரம் என்னால் நடக்க முடியாதே.

கதிர்: அதற்கு வழி இருக்கிறது பெரியம்மா. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, சக்கர நாற்காலியில் வருபவர்களும் அலையருகே போவதற்கென்று 2022 நவம்பரில் மரப்பலகைப் பாதை ஒன்றைத் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சீரமைத்தார்கள். என் நண்பனிடம் மடக்கு நாற்காலி இருக்கிறது, வாங்கி வருகிறேன். அந்த இல்லத்தையும் வெளியே நின்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842இல் கட்டியது அது.

பெரியப்பா: பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து விற்றிருக்கிறார்கள்! கெட்டிக்காரர்கள்.

மீனா: அப்படியானால் காலை ஒன்பதரைக்கு, திறக்கும் நேரத்திலேயே, அருங்காட்சியகத்தில் இருப்போம். அங்கே ஒவ்வொரு பிரிவும் தனித்தனிக் கட்டடத்தில் இருப்பதால், முதலில் ஆதிச்சநல்லூர், அடுத்து செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர், இவ்விரண்டோடு நிறுத்திக்கொள்வோம். அடுத்து மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்குப் போகலாம் என்றால், நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறப்பார்கள். இடைப்பட்ட நேரத்தை எங்கே கழிப்பது என்பதுதான் பாக்கி.

சித்ரா அத்தை: மந்தைவெளியில் என் வீடு எதற்கு இருக்கிறது? சாப்பிட்டுவிட்டு அண்ணனும் மதினியும் சற்றுப் படுக்கட்டும். நான்கு மணிக்கு எல்லோரும் கோயிலுக்குப் போய், அங்கிருந்து கடற்கரைக்குப் போகலாம். மதினி, சொதி வைக்கட்டுமா, வற்றல் குழம்பு வைக்கட்டுமா?

பெரியம்மா: சொதி உன் அண்ணனுக்கு வாரம் ஒருமுறை இங்கேயே கிடைக்கிறது. வற்றல் குழம்பே வை.